பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுமா?

“பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுமா?” என்று கேட்பது நம்மவர் வழக்கம். மணமே மக்களை அழைத்து வந்துவிடும் என்பது அதன் கருத்து. கேட்பதற்கு இனிய மொழிதான். ஆனால் மூடிய அறைக்குள் இருக்கும் பூவின் மணம் தெருவரை வருவதில்லை. தையலில் தேர்ந்த சகோதரி ஒருவர் வீட்டின் பின்கட்டில் வேலையின்றி அமர்ந்திருக்கிறார். கணக்கை எளிதாக விளக்கவல்ல ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் திண்ணையில் நாளிதழைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த தெருவில் உள்ளவர்களோ, “நல்ல தையற்காரர் கிடைக்கவில்லையே, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஆளில்லையே” என்று அலைகிறார்கள். இரு சாராருக்கும் இடையே இருப்பது ஒரு தெருவின் தொலைவுதான். அத்தொலைவைக் கடக்க ஒரு சொல் வேண்டும். அச்சொல்லைச் சொல்வார் இல்லை.

தம் கைத்திறனையே நம்பி வாழும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல உள்ளன. தையல், தச்சு, மின்பணி, சமையல், தனிப்பயிற்சி, இசைப்பயிற்சி எனப் பல தொழில்கள். இவர்களுக்கு முதல் தேதிச் சம்பளம் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. வேலை வந்தால் அடுப்பெரியும், வராவிட்டால் கடன். இத்தகையோர் தம் தொழிலைப் பிறருக்கு எவ்வாறு எடுத்துரைப்பது என்பது அவர்களுடைய அன்றாட உணவைப் பற்றிய கேள்வி. அதை இங்கே சிறிது சிந்திப்போம்.

இரண்டு தயக்கங்கள்

தம் தொழிலைப் பற்றி வாய் திறக்க நல்லவர்கள் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. “என்னை நானே புகழ்ந்துகொள்வதா?” என்பது ஒன்று. “பொய் கலக்காமல் வியாபாரம் நடக்குமா?” என்பது மற்றொன்று. விளம்பரம் என்றாலே மிகைப்படுத்துவதுதான் என்ற எண்ணத்திலிருந்தே இவ்விரண்டும் பிறக்கின்றன. விளைவு என்ன? உண்மையுள்ளவர் மௌனமாகிறார். உண்மையைப் பற்றிக் கவலைப்படாதவர் உரக்கப் பேசுகிறார். ஊர் மக்கள் உரக்கக் கேட்ட குரலை நம்பிச் சென்று ஏமாறுகிறார்கள். ஆகவே நல்லவரின் மௌனத்தால் நட்டமடைபவர் அவர் மட்டும் அல்லர்.

விளம்பரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். விளம்புதல் என்றால் சொல்லுதல், வெளிப்படுத்துதல் என்று பொருள். குமரி மாவட்டத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் வழங்குகிறது. அங்கே விருந்தில் சோறும் கறியும் பரிமாறுவதை ‘விளம்புதல்’ என்பார்கள். நம் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேண்டியதில்லை. பரிமாறுகிறவர் பானையில் உள்ளதை எடுத்து இலையில் வைக்கிறார். பானையில் இல்லாததை அவரால் வைக்க முடியாது. உள்ளதை வைக்காமல் மறைத்தாலோ வந்தவர் பசியோடு எழுந்து போவார். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். தொழிலைப் பற்றிய பேச்சுக்கும் இதுவே அளவுகோல்: உள்ளதைச் சொல்ல வெட்கப்படலாகாது, இல்லாததைச் சொல்லத் துணியலாகாது.

மொட்டைமாடியில் தொடங்கிய தொழில்

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று, நடைமுறைக்கு ஒத்துவருவதே. 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், அன்றைய பம்பாயின் கிர்காம் பகுதியில் ஒரு கட்டிடத்தின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முதலாக இருந்தது சமூகத் தொண்டர் சகன்லால் கரம்சி பரேக்கிடம் கடனாகப் பெற்ற 80 ரூபாய். அன்று அவர்கள் செய்தவை நான்கு பொட்டலங்கள். நட்டமே வந்தாலும் எவரிடமும் நன்கொடைக்குக் கையேந்துவதில்லை என்று தொடக்கத்திலேயே உறுதி செய்துகொண்டார்கள்.

ஆரம்பத்தில் அவர்கள் இரண்டு தரங்களில் அப்பளம் செய்தார்கள். தரம் குறைந்ததை மலிவு விலைக்குக் கொடுக்கலாம் என்பது எண்ணம். பரேக் அதைத் தடுத்தார். ஒரே தரம், நல்ல தரம், அதில் ஒருபோதும் விட்டுக்கொடுக்கலாகாது என்பது அவர் அறிவுரை. உடைந்த அப்பளங்களை அப்பெண்கள் விற்பனைப் பொட்டலத்தில் திணிக்கவில்லை, அக்கம்பக்கத்தாருக்கு வழங்கினார்கள். முதல் ஆண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் தொழிலை நிறுத்தி வைத்தார்கள். மறு ஆண்டு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பு மூட்டிக் காயவைக்கும் வழியைக் கண்டார்கள். முதல் ஆண்டின் மொத்த விற்பனை 6,196 ரூபாய்.

அந்நாளில் அவர்களுக்கு விளம்பரமாக அமைந்தவை எவை? வாங்கியவர்களின் வாய்ச்சொல்லும், வட்டார மொழி நாளிதழ்களில் வந்த கட்டுரைகளும்தாம். ‘லிஜ்ஜத்’ என்ற பெயரே 1962இல்தான் வந்தது. இன்று நாடு முழுவதும் பல்லாயிரம் பெண்களுக்கு வாழ்வளிக்கும் அமைப்பாக அது வளர்ந்திருக்கிறது. தொடங்கிய எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெயர் பின்னால் வந்தது. தரம் முன்னால் வந்தது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

சட்டம் கூறுவது

பொய் விளம்பரம் பாவம் மட்டுமன்று; நம் நாட்டில் குற்றமும் ஆகும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளம்பரம் என்ற சொல்லுக்கு மிக விரிந்த பொருள் தருகிறது. நாளிதழும் தொலைக்காட்சியும் இணையமும் மட்டுமன்றி, அறிவிப்பு, சுற்றறிக்கை, பொருளின் மேலுறை, விலைச்சீட்டு ஆகியவையும் அதில் அடங்கும். பொய்யாக வருணிப்பதோடு, பொய் உத்தரவாதம் தருவதும், முக்கியமான செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் ஏமாற்று விளம்பரமாகும். இத்தகைய விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், குற்றம் மீண்டும் நிகழ்ந்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

பயிற்சி நிலையங்களுக்கென்றே அவ்வாணையம் 2024 நவம்பரில் தனி நெறிமுறைகளை வெளியிட்டது. தேர்ச்சிக்கோ வேலைக்கோ உத்தரவாதம் என்று பறைசாற்றலாகாது. வெற்றி பெற்ற மாணவரின் படத்தையும் பெயரையும் அவருடைய எழுத்து மூலமான இசைவின்றி வெளியிடலாகாது. அவ்விசைவையும் அவர் வெற்றி பெற்ற பின்னரே பெற வேண்டும். அம்மாணவர் எந்தப் பாடத்திட்டத்தில், எவ்வளவு காலம் பயின்றார், கட்டணம் செலுத்திப் பயின்றாரா என்பதையும் தெரிவிக்க வேண்டும். “இன்னும் சில இடங்களே உள்ளன” என்று பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் கூடாது.

இந்நெறிமுறைகள் ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட நிலையங்களுக்கே உரியவை. மாலையில் பத்துப் பிள்ளைகளுக்குத் தம் வீட்டில் பாடம் சொல்லித்தரும் ஆசிரியையை அவை கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் பெரியவர்களுக்குச் சட்டம் சொல்வதைச் சிறியவர்களுக்கு மனச்சான்று சொல்ல வேண்டும். பத்துப் பிள்ளைகளின் பெற்றோரும் நம்பித்தான் அனுப்புகிறார்கள்.

திருச்சபையும் இதுபற்றிப் பேசியிருக்கிறது. விளம்பரத்தில் அறநெறி பற்றி, சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 1997ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் ஏட்டை வெளியிட்டது. விளம்பரம் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று; அது ஒரு கருவி என்பது அதன் நிலை. உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு ஆகிய மூன்று நெறிகளை அது முன்வைக்கிறது. வாங்க வருகிறவர் ஒரு மனிதர், வெறும் பணப்பை அல்லர் என்பதை நினைவில் கொண்டால் இம்மூன்றும் தாமே பின்தொடரும்.

செய்யத்தக்கவை

இனி, நடைமுறைக்கு வருவோம். துண்டுச்சீட்டு அச்சிட்டாலும், வாசலில் பலகை தொங்கவிட்டாலும், வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்பினாலும், அதில் ஐந்து செய்திகள் தெளிவாக இருக்கட்டும். நாம் செய்வது என்ன? அது யாருக்குப் பயன்படும்? எந்த நேரத்தில் கிடைப்போம்? கட்டணம் எவ்வளவு? நம்மால் செய்ய இயலாதது எது?

கடைசிக் கேள்வியைக் கண்டு பலர் அஞ்சுவர். “எட்டாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லித்தரப்படும்” என்று எழுதினால் பத்தாம் வகுப்பு மாணவர் வரமாட்டாரே என்பது கவலை. உண்மைதான், அவர் வரமாட்டார். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தாய் அப்பலகையை நம்புவார். எல்லை சொல்பவரின் சொல்லுக்கு எடை அதிகம்.

விழாக் காலத் தையலை எண்ணிப் பாருங்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு மாதம் முன்பே துணிகள் குவிகின்றன. இருபது உடைகளைத் தைக்கும் கைகள் நாற்பதுக்கு ஒப்புக்கொள்கின்றன. திருவிழிப்பு இரவில் புத்தாடை வராமல் ஒரு குழந்தை அழுகிறது. அக்குடும்பம் அடுத்த ஆண்டு அந்த வாசலை மிதிப்பதில்லை. நான்கு குடும்பங்களுக்கும் சொல்லிவிடுகிறது. “இவ்வாண்டு இதற்குமேல் எடுக்க இயலாது, தெருக்கோடியில் இன்னொருவர் நன்றாகத் தைக்கிறார், அவரிடம் கொடுங்கள்” என்று சொல்லியிருந்தால்? ஒரு நாள் கூலி போயிருக்கும், நம்பிக்கை நின்றிருக்கும். அந்த இன்னொருவரும் ஒரு நாள் இவரிடம் ஆள் அனுப்புவார்.

பிறர் தந்த பாராட்டை வெளியிடும்போது அவருடைய இசைவைக் கேட்டுப் பெறுவோம். உறவையும் பங்கு உறவையும் காட்டி, வேண்டாதவரை வாங்கவைக்க வேண்டாம். “இப்பயிற்சி இல்லாவிட்டால் உங்கள் பிள்ளையின் எதிர்காலமே பாழ்” என்று பெற்றோரின் அச்சத்தைக் காசாக்க வேண்டாம். நியாயமான கூலியைக் கேட்க நாணவும் வேண்டாம். கட்டணத்தை முதலிலேயே சொல்லாமல், முடிவில் “நீங்களாகப் பார்த்துக் கொடுங்கள்” என்பது பணிவாகத் தோன்றும். ஆனால் அதனால் இருவருக்கும் சங்கடமே மிஞ்சும்.

வாங்குவோர் கடமை

இதுவரை தொழில் செய்வோரிடம் பேசினோம். வேலை வாங்குகின்ற நமக்கும் கடமை உண்டு. சிறு தொழிலாளரிடம் விலையைக் கசக்கிக் குறைத்துவிட்டு, பெரிய கடையில் கேட்ட விலையைக் கொடுத்து வருகிறோம். கூலியை நாளை, நாளை மறுநாள் என்று இழுத்தடிக்கிறோம். மனக்குறை இருந்தால் ஊரெல்லாம் சொல்கிறோம். மனநிறைவு இருந்தால் வாயை மூடிக்கொள்கிறோம். இது நீதியன்று. குறை இருப்பின் முதலில் அவரிடமே சொல்வோம். நிறை இருப்பின் நாலு பேரிடம் சொல்வோம். தம்மைத் தாமே புகழக் கூசும் நல்ல தொழிலாளிக்கு நம் வாய்ச்சொல்லே விளம்பரம். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

வரும் ஞாயிறன்று திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, நம் பங்கில் கைத்தொழிலால் வாழும் ஒருவரை நினைவில் கொண்டுவருவோம். அவர் செய்த வேலையில் நாம் நிறைவு கண்டிருந்தால், அவர் பெயரை அன்றே ஒருவரிடம் சொல்வோமாக. அச்சொல் ஒரு வீட்டின் தேவையையும் இன்னொரு வீட்டின் அடுப்பையும் இணைத்து வைக்கும்.