திரைக்குள் காவியம் – 9: போர்மன்னன் கையில் ஒரு தலை

சென்ற வாரம் 'பயோஷாக்' விளையாட்டின் கடலடி நகரத்தையும் அதற்குப் பின்னால் நிற்கும் அயன் ராண்டையும் பார்த்தாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தது போலந்து. போலந்துக்குப் போகத்தான் போகிறோம், ஆனால் வண்டி செஞ்சியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும்.

'தி விட்சர் 3' 2015 மே மாதம் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் வார்சாவின் சிடி ப்ராஜெக்ட் ரெட். கதைமாந்தர்கள் ஆந்திரே சப்கோவ்ஸ்கியின் புத்தகங்களிலிருந்து வந்தவர்கள். இதற்கு முந்தைய 'விட்சர் 2' விளையாட்டை 2011இல் போலந்துப் பிரதமர் டொனால்டு டஸ்க், விருந்தாளியாக வந்த ஒபாமாவுக்குப் பரிசுப் பொருள்களோடு சேர்த்துக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து மறுபடி வார்சாவுக்கு வந்த ஒபாமா, தனக்கு வீடியோ கேம் அவ்வளவாக ஆட வராது என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். ஒரு நாட்டின் அரசு தன் பெருமையென எடுத்துக் கொடுக்கும் பொருள்களில் வீடியோ கேமும் ஒன்றாகிவிட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

விட்சர் 3இல் முக்கியக் கதையை விட்டு விலகி ஆடக்கூடிய கிளைக்கதைகள் ஏராளம். ஆட்டக்காரர்கள் 'சைட் குவெஸ்ட்' என்பார்கள். அவற்றில் ஒன்றில், கிராமத்துப் பூசாரி ஒருவன் இரவில் ஊராரைக் கூட்டிச் செத்தவர்களின் ஆவியை அழைக்கிறான். காவலுக்கு நிற்க வேண்டியது ஆட்டக்காரரின் வேலை. (இதே பூசாரி விளையாட்டின் வேறோர் இடத்தில் காணாமல்போன தன் ஆட்டைத் தேடித் தரச் சொல்வான். மணியை ஆட்டி ஆட்டி அந்த ஆட்டை வீடு கொண்டுவந்து சேர்ப்பது, பேயை வெட்டுவதைவிடக் கஷ்டம்.) ஆவிச் சடங்கில் கடைசியாக வந்து நிற்பது பூசாரியின் தந்தை. மகன்தான் அவனைக் கொன்றவன்.

போலந்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அந்தச் சடங்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடம் மிட்ஸ்கியேவிச் 1823இல் வெளியிட்ட 'ஜாடி' என்னும் கவிதை நாடகத்தில், ஊரார் இரவில் கூடி ஆவிகளைக் கூப்பிட்டு வேண்டியதைக் கேட்டுக் கொடுக்கிறார்கள். இரண்டு குழந்தைகளின் ஆவி கேட்பது இரண்டு கடுகு மணி மட்டும். உயிரோடிருந்தபோது குடியானவர்களை வதைத்த பண்ணையார் பசியோடு வந்து நிற்கிறான், அவனுக்கு ஒரு பருக்கையும் கிடைக்காது. 1968 ஜனவரியில் வார்சாவின் தேசிய நாடக அரங்கில் இந்த நாடகத்தை அரசு நிறுத்தியபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த மார்ச்சில் நாடே கொதித்தது. அப்படிப்பட்ட பிரதியை விட்சர் குழு வரிக்கு வரி நடத்திக் காட்டவில்லை. சடங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, மூலத்தில் இல்லாத ஒரு தந்தையையும் மகனையும் நடுவில் நிறுத்தியது.

இந்த இடத்தில்தான் செஞ்சி குறுக்கே வருகிறது.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் போனால் செஞ்சி. அதையடுத்த மேலச்சேரியைப் பழைய செஞ்சி என்பார்கள். திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு அங்குள்ள கோயிலே மூலக்கோயில் என்பது அந்த வட்டாரத்தார் நம்பிக்கை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்களில் சன்னதிக்கு எதிரே ஒரு காவல் வீரன் நிற்பான். ஒரு கையில் வாள், மறு கையில் வெட்டிய தலை. அவன் பெயர் போத்துராஜா. கூத்துக்காரர்கள் சொல்வது போர்மன்னன்.

வியாச பாரதத்தில் அவன் இல்லை. வில்லிபாரதத்திலும் இல்லை. கதை இப்படிப் போகிறது: பாரதப் போரில் ஜெயிக்க வேண்டுமானால் சில பூசைப் பொருள்கள் வேண்டும். சாட்டை, பம்பை என்று தொடங்கும் அந்தப் பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். பொருள்கள் இருப்பதோ சிவானந்தபுரிக் கோட்டையில், போர்மன்னன் வசம். சண்டை போட்டு வாங்க முடியாது. கிருஷ்ணன் கிழவி வேஷம் கட்டுகிறான். அர்ச்சுனன் அவள் மகள் விஜயாம்பாள் ஆகிறான். போர்மன்னன் பெண்ணைக் கண்டதும் மயங்குகிறான். இது சூது என்று தடுத்த தந்தையின் தலையை அவனே வெட்டிவிடுகிறான் என்கிறது வழங்கும் கதைகளில் ஒன்று. தலை மண்ணில் விழக்கூடாது, விழுந்தால் கேடு. சயத்திரதன் வதம் தெரிந்தவர்களுக்கு இந்த நிபந்தனை எங்கோ கேட்டதுபோல் இருக்கும். அதனால்தான் இன்றுவரை கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறான். பிறகு பாண்டவர்களின் தங்கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் பக்கமே சேர்ந்து, அம்மனுக்குக் காவலும் ஆகிவிட்டான்.

விட்சரை ஆடியவர்கள் இந்தக் கதையைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். பெரிய போருக்கு முன்னால் போய் எடுத்துவர வேண்டிய பொருள்கள், மாறுவேஷம், பகைவனாக வந்து துணைவனாக மாறும் பாத்திரம், நடுவில் ஒரு தந்தை. ஒரு சைட் குவெஸ்ட்டுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. அதே கோயில்களில் முத்தால ராவுத்தன் என்ற முஸ்லிம் காவல் வீரனும் உண்டு. அவனுக்கென்று தனிக்கதை, தனிப்படையல். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வட்டாரத்தில் கோயில் கோயிலாக அலைந்து 1988இல் வெளியிட்ட முதல் தொகுதியில் இவர்கள் இருவருக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தார். பாண்டவர்களையே கட்டி அழுதவர்களுக்கு அது கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

மூலப்பிரதியின் கைப்பிடி இங்கே தளர்ந்துவிடவில்லை என்பதும் முக்கியம். இந்தக் கோயில்களின் பாரத விழாவில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார், இரவில் அந்தப் பகுதியையே கூத்தாக ஆடுவார்கள். வில்லிபுத்தூரார் பிறந்த சனியூர் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது, அதாவது கிட்டத்தட்ட இதே மண். அவரை ஆதரித்தவன் வக்கபாகை வரபதி ஆட்கொண்டான். நாலாயிரத்து முந்நூறுக்கு மேல் பாட்டு எழுதிய வில்லி, பதினெட்டுப் பருவத்தில் பத்தோடு, சௌப்திக பருவத்தில் நிறுத்திவிட்டார். பின்னாளில் நல்லாப்பிள்ளை பல்லாயிரம் பாட்டுச் சேர்த்து மிச்சத்தை முடித்தார். விளையாட்டு வெளிவந்த பிறகு கூடுதல் பாகம் விடுவதைப் பெரிய கண்டுபிடிப்பாகப் பேசும் கம்பெனிகள் நல்லாப்பிள்ளைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பாரத விழாவின் கடைசி நாள் காலை படுகளம். முந்தின நாளே திடலில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனைத் தரையிலேயே செய்துவிடுவார்கள். ஒரு தெருவை அடைக்கும் நீளம். கண்ணும் மீசையும் வர்ணத்தில் தீட்டி, தொடைக்குள் சிவப்பு நீர் நிறைத்த பானையைப் புதைப்பார்கள். இராவெல்லாம் ஆடிய துரியோதனனும் பீமனும் அதே வேஷத்தோடு, கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜக்கட்டையும் கழன்றுவிடாமல் ஒரு கையால் பிடித்தபடி, அந்த மண் உடம்பின் மேலேயே ஓடிப் பிடித்துச் சண்டை போடுவார்கள். கூட்டம் ஒதுங்கி வேடிக்கை பார்ப்பதில்லை, கூடவே ஓடும். பீமன் தொடையில் அடித்ததும் பானை உடையும். திரௌபதி அந்தச் சிவப்பை எடுத்துக் கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி.

இந்தியக் கேம்காரர்கள் புராணத்தைத் தொடாமலில்லை. புனேயின் நாடிங் ஹெட்ஸ் 2020இல் விட்ட 'ராஜி'யில் துர்க்கையும் விஷ்ணுவுமே கதை சொல்கிறார்கள், கோட்டைகளும் அழகு. ஆனால் தெய்வங்கள் எல்லாம் பெரிய தெய்வங்கள். ஊர் எல்லையில் நிற்பவர்களுக்கு அதில் வேலை இல்லை. மிட்ஸ்கியேவிச்சைத் தொட்ட போலந்துக்காரர்களுக்கு இருந்த துணிச்சல் இன்னும் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 'டான்டேஸ் இன்ஃபெர்னோ' போல, கவிஞன் டான்டேயின் கையில் அரிவாளைக் கொடுத்து நரகத்தில் இறக்கிவிடும் துணிச்சல் வேண்டியதில்லை. 2010இல் வந்த அந்தக் கூத்தை இந்தத் தொடரின் இரண்டாம் வாரத்திலேயே திட்டி முடித்தாயிற்று.

விட்சர் 3இன் 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' பாகத்தை இந்த வாரமே முடிப்பதாக இருந்தது. பக்கம் தீர்ந்துவிட்டது, அச்சுக்கூடத்திலிருந்து இரண்டு முறை போனும் வந்துவிட்டது. தன் உயிரை ரோமில் மட்டுமே எடுக்கலாம் என்று பேயிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு, ரோம் பக்கமே போகாமல் இருந்த போலந்து மந்திரவாதி துவார்தோவ்ஸ்கி, 'ரோம்' என்று பெயர்ப்பலகை மாட்டிய சத்திரத்தில் மாட்டிக்கொண்ட கதையும், அது அந்தப் பாகத்தில் என்னவாக மாறியது என்பதும் அடுத்த வாரம். கூவாகத்து அரவானையும் சேர்க்க உத்தேசம் உண்டு, பக்கம் கிடைத்தால்.