உங்களுக்குத் தெரியுமா? டாக்டருக்கு முன்னால் சிஸ்டர்

மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பக்கம் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், கொண்டையூசி வளைவுகளில் மணிமுத்தாறு இறங்கித்தான் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மலைப்பாதையில் போன நேரம் போனதுதான். ஆஸ்பத்திரி வாசலிலும் நேரம் வீணாகாமல் காப்பது பெரும்பாலும் அனுபவமுள்ள செவிலியர்தான்.

தமிழக அரசின் 'தாய்' அவசர சிகிச்சைத் திட்டத்தில் முதலில் வந்தவருக்கு முதல் இடம் கிடையாது. மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றைப் பார்த்து, செவிலியர்கள் நோயாளிகளை நிறவாரியாகப் பிரிப்பார்கள்: சிவப்பு என்றால் உடனடி சிகிச்சை, மஞ்சள் சற்றுப் பொறுக்கலாம், பச்சை காத்திருக்கலாம். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தைப் பார்த்து வரிசைப்படுத்திய முறையின் வாரிசு இது. (நம்மூரில் 'நான் யார் தெரியுமா' என்பவர்கள் கவனிக்க!)

சத்தம் போடுகிறவரைவிடச் சத்தமில்லாதவர்தான் பல நேரம் ஆபத்தில் இருப்பார். சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். வியர்வையும் களைப்பும் மட்டும் தெரியும். செவிலியரின் பழகிய கண் அதைப் பிடித்துவிடும். மாரடைப்புச் சந்தேகம் இருந்தால், வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டு நெறி.