பந்தயக் குருதியும் மலைப்பாதையும்

பந்தய இனமும் நாட்டு இனமும் கலந்து பிறந்த சவாரிக் குதிரையை முரட்டுப் பிராணி என ஒதுக்குவோர் உளர். முரடாகத் தோன்றுவது பெரும்பாலும் அதன் கூருணர்வே. 1704இல் ஹலப் நகரிலிருந்து இங்கிலாந்து சென்ற ‘டார்லி அரேபியன்’ முதலான கீழைநாட்டுப் பொலிக்குதிரைகளே ‘தரோபிரெட்’ எனும் பந்தய இனத்தின் மூதாதையர். அவற்றின் மென்தோலும் துடிப்பும் கலப்பிலும் தொடர்கின்றன. தாயின் வன்குளம்பும் பொறுமையும் உடன் வரலாம்; வராமலும் போகலாம்.

பந்தயத்தில் பழகிய குதிரை, கடிவாளம் இறுகினால் அதன்மீது சாய்ந்து மேலும் விரையும். அறியாதவர் இன்னும் இழுப்பார், பழியோ குதிரைக்கு! வேலை குறைந்து தீனியில் தானியம் மிகுந்தாலும் துள்ளல் கூடும். ஜவ்வாது மலை போன்ற சரிவுகளில் இறங்கும் குதிரை தலை தாழ்த்திச் சமநிலை காணவேண்டும். அங்கே இறுக்கிப் பிடிப்பது இருவருக்கும் ஆபத்து.

இவ்வகை அறியாமைக்குத் தமிழகம் முன்னரே விலை கொடுத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கடல்வழி வரவழைத்த அரபுக் குதிரைகள் பராமரிப்பின்றி மடிந்ததை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தீனியையே குறிப்பிடுகிறார்: வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் கலந்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால்.