இடுப்பு மூட்டு மாற்றிய பின் சைக்கிள்

இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்ததும் அப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, கேட்ட முதற் கேள்வி: “பள்ளிக்கு எப்ப சைக்கிளில போகலாம்?” உம்மா அழுதேவிட்டார். உயிரியல் படிப்பவள் என்பதால் விளக்கம் தேடும் வேலை எனக்கு வந்தது.

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பிலுள்ள குழி அதற்குக் கிண்ணம். தேய்ந்தவற்றுக்குப் பதிலாக உலோகப் பந்தும் பொலிஎதிலீன் கிண்ணமும் பொருத்தும் முறையை இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி 1962இல் நிலைநிறுத்தினார். மூட்டு புதிது, அதைப் பிடித்துவைக்கும் தசைகளோ இன்னும் ஆறிக்கொண்டிருப்பவை. அதனால் முதல் வாரங்களில் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடித்தாலோ காலைக் குறுக்கே போட்டாலோ பந்து விலகக்கூடும். தொழுகையும் கதிரையில்தான்.

மிதிப்பதில் அவ்வளவு ஆபத்தில்லை. உடற்பாரத்தை ஆசனம் தாங்குவதால், நடப்பதைவிட மூட்டில் விழும் சுமை குறைவு. பயமெல்லாம் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான். விழுந்தால் உலோகத் தண்டைச் சுற்றியுள்ள எலும்பு முறியலாம். யாழ்ப்பாணத்தில் ஏற்றமில்லை, உண்மைதான். ஆனால் ஒழுங்கை மணல் சறுக்கும்.

பலரை 6 வாரமளவில் நிலைச் சைக்கிளில் பழக விடுகிறார்கள். வீதிக்கு ஏறக்குறைய 12 வாரம், அதுவும் வைத்தியர் சொன்ன பிறகு. ஆசனத்தை உயர்த்த வேண்டும். தாழ்ந்திருந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே வந்துவிடும். பார் வைத்த சைக்கிளில் காலைச் சுழற்றிப் போடவே கூடாது.

அப்பாவின் பழைய றலி மூலையில் நிற்கிறது. நாலாம் மாதம் வைத்தியர் சம்மதித்ததும், என் லேடீஸ் சைக்கிளில், கூடையில் தொப்பியோடு பள்ளிக்குப் புறப்பட்டார். அன்று நான் ரியூசனுக்கு நடந்துதான் போனேன்.