வால் தள்ளிப் போனது. விமானம் வழிக்கு வந்தது!

திருவண்ணாமலை தீபத் திருவிழாவின் 7-ம் நாள். மலை போல மகா ரதம் அசைந்து வருகிறது. அதை வளைவில் திருப்புவது எது? சக்கரத்தின் அடியில் போடுகிற முட்டுக்கட்டை!

கட்டையில் சக்கரம் உரசினால்தான் தேர் திரும்பும். உரசாவிட்டால் கட்டை போட்டும் பயனில்லை.

ஆகாய விமானத்துக்கும் இதே கதைதான். அங்கே முட்டுக்கட்டை, வால். வாலில் காற்று நன்றாகப் பட்டால்தான் விமானம் சொன்ன பேச்சு கேட்கும்.

மூக்கைத் தூக்கினால் வினை

மேலே ஏற விமானம் மூக்கைத் தூக்கும். ஆனால் அளவோடு தூக்க வேண்டும்.

எதிர்க்காற்றுக்கும் இறக்கைக்கும் உள்ள சாய்வு சுமார் 15 டிகிரியைத் தாண்டினால், சாதாரண இறக்கையை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொள்ளும். இன்ஜின் ஓடினாலும் விமானம் விழத் தொடங்கும். இதுதான் 'ஸ்டால்'.

ஒரு பக்க இறக்கை முந்திக்கொண்டு சாய்ந்தால் போச்சு! விமானம் பம்பரம் போலச் சுற்றிக்கொண்டே இறங்கும். இது 'ஸ்பின்'.

தப்ப வழி உண்டு. இன்ஜின் வேகத்தைக் குறைத்து, சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம் காலால் மிதித்து, கையிலுள்ள தடியை முன்னே தள்ள வேண்டும். மிதித்தால் திரும்புவது வாலில் நிற்கும் பலகை. கலைந்த காற்றில் அது மாட்டிக்கொண்டால், மிதித்தும் பலன் இருக்காது.

பெங்களூரின் தலைவலி

திருவண்ணாமலையில் இருந்து சுமார் 200 கிலோமீட்டரில் பெங்களூர். அங்குள்ள எச்.ஏ.எல். நிறுவனம், விமானி மாணவர்களுக்காக 'சிதாரா' என்ற ஜெட் விமானத்தைச் செய்தது. 1964-ல் முதலில் பறந்த 'கிரண்' விமானத்துக்குப் பதிலாக வர வேண்டியது இது.

2003 மார்ச்சில் சிதாரா முதன்முதலாகப் பறந்தது. 2011 ஏப்ரலில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சோதனை விமானம் விழுந்தது. விமானிகள் இருவரும் குதித்து உயிர் தப்பினார்கள்.

'ஸ்பின்' சோதனையில் விமானம் திருப்தியாக நடந்துகொள்ளவில்லை. 2016-ல் சோதனை நின்றது.

என்ஜினீயர்கள் சோர்ந்துவிடவில்லை. காற்றுக் குகையில் ஆராய்ந்தார்கள். செங்குத்தாக நிற்கும் வாலைப் பின்பக்கம் தள்ளி வைத்தார்கள். திருப்பும் பலகையையும் நீட்டினார்கள். கதவை, கீல் ஓரத்தில் தள்ளுவதைவிட கைப்பிடி ஓரத்தில் தள்ளுவது சுலபம் அல்லவா? வால் தள்ளி இருந்தால் பிடிப்பும் அப்படித்தான் கூடும்.

ஆறு சுற்று!

2019 ஏப்ரலில் விமானம் மீண்டும் பறந்தது. 2020 நவம்பரில் 'ஸ்பின்' சோதனை தொடங்கியது. மீள முடியாமல் போனால் காப்பாற்ற, வாலில் தனி பாராசூட்டும் கட்டினார்கள்.

2022 ஜனவரியில் வெற்றி! இடப்பக்கம் ஆறு சுற்று, வலப்பக்கம் ஆறு சுற்று சுற்றிவிட்டு விமானம் நேராக நிமிர்ந்தது. 2025-ல் அதற்கு 'யஷாஸ்' என்று புதுப்பெயரும் சூட்டினார்கள்.

ஒரு வாலுக்காக இத்தனை ஆண்டு பாடா என்று கேட்கலாம். ஓட்டப்போகிறவன் கற்றுக்குட்டி. ஒரு நாள் மூக்கை அதிகமாகத் தூக்கத்தான் செய்வான். அன்றைக்கும் அவன் பத்திரமாகத் தரை இறங்க வேண்டுமே!