அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் காவல் அலுவலர்: ஒழுங்கு மீறலுக்கும் குற்றத்திற்கும் இடையிலான எல்லை

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொதுப்பள்ளிகளில் ஆயுதம் தாங்கிய காவல் அலுவலரை நிலையாகப் பணியமர்த்தலாமா என்னும் வினா கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாட்டில் விவாதிக்கப்பட்டு வருகிறது. (இந்தியாவில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர் தாங்கியவை பெரும்பாலும் கட்டணம் பெறும் தனியார் பள்ளிகள். அமெரிக்காவிலோ அச்சொல் வரிப்பணத்தில் இயங்கும், எவரும் சேரத்தக்க பள்ளியைக் குறிக்கும்.) துப்பாக்கியுடன் நுழைபவனைத் தடுக்க ஒருவர் வேண்டுமா, வேண்டாமா என்ற அளவிலேயே விவாதம் பெரிதும் நின்றுவிடுகிறது. ஆயினும் காவல் அலுவலர் பள்ளியில் பணியாற்றும் நாள்களில் மிகப் பெரும்பாலானவை துப்பாக்கி ஓசை எழாத சாதாரண நாள்களே. அந்நாள்களில் அவருடைய இருப்பு மாணவரின் தவறுகளை எவ்வாறு வேறு வகைக்கு மாற்றுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் பரவலும்

1950களில் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் தொடங்கப்பட்ட திட்டமே இம்முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. காவலருக்கும் இளையோருக்கும் இடையே நல்லுறவை வளர்ப்பதே அத்திட்டத்தின் நோக்கம். 1970களின் நடுப்பகுதியிலும் நூற்றுக்கு ஒரு பள்ளி என்ற அளவிலேயே காவலர் இருந்தனர். 1994ஆம் ஆண்டின் துப்பாக்கியற்ற பள்ளிகள் சட்டம், துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஓராண்டேனும் நீக்குமாறு பணித்தது. அதனை ஒட்டி எழுந்த 'சிறிதும் பொறுக்காமை' என்னும் கொள்கை, காலப்போக்கில் கைகலப்பு, கீழ்ப்படியாமை போன்றவற்றுக்கும் விரிந்தது.

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று அப்பள்ளிக்கெனக் காவல் அலுவலர் ஒருவர் இருந்தார். கொலையாளிகளில் ஒருவனை நோக்கி அவர் சுடவும் செய்தார். எனினும் காவலர் இருந்தும் தடுக்க இயலவில்லை என்பதைக் காட்டிலும், காவலர் இன்னும் மிகுதியாக வேண்டும் என்பதே அந்நிகழ்விலிருந்து நாடு பெற்ற பாடமாயிற்று. 1999 முதல் 2005 வரை கூட்டாட்சி அரசு 70 கோடி டாலருக்கு மேல் வழங்கி, 6,000க்கும் மேற்பட்ட பள்ளிக் காவல் அலுவலர் பணியிடங்களுக்கு வழிசெய்தது. 2017-18 கல்வியாண்டில் ஏறத்தாழப் பாதிப் பள்ளிகளில் ஆயுதம் தாங்கிய காவலர் வழக்கமாக வந்து சென்றனர்.

1991இல் நிறுவப்பட்ட பள்ளிக் காவல் அலுவலர்களின் தேசியச் சங்கம், இவ்வலுவலரை ஆசிரியர், ஆலோசகர், சட்டக் காவலர் என்னும் மூன்று பணிகளின் இணைப்பாக வரையறுக்கிறது. இம்மூன்றும் ஒருவரிடம் கூடும்போது எழும் முரண்பாடு சிறிதன்று. ஆலோசகரிடம் மாணவன் மனம்விட்டுச் சொல்வது, சட்டக் காவலரின் செவியில் வாக்குமூலமாகிவிடும்.

சட்டத்தில் அலுவலரின் இருநிலை

இம்முரண்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் வழி காணலாம். பள்ளிக் கழிவறையில் புகைபிடித்ததாக அழைத்துவரப்பட்ட 14 வயது மாணவியின் கைப்பையைத் துணைத் தலைமையாசிரியர் சோதித்தார். அதிலிருந்து கஞ்சா கிடைத்தது. இதிலிருந்து எழுந்ததே நியூ ஜெர்சி எதிர் டி.எல்.ஓ. வழக்கு (1985). காவலர் ஒருவரைச் சோதிக்கத் 'தகுந்த முகாந்திரம்' வேண்டும். பள்ளி அலுவலருக்கோ 'நியாயமான ஐயம்' என்னும் தாழ்ந்த அளவுகோலே போதுமென நீதிமன்றம் கூறியது. ஆசிரியரின் நோக்கம் தண்டனை வாங்கித் தருவதன்று, பள்ளியின் ஒழுங்கைக் காப்பதே என்பது அச்சலுகையின் அடிப்படை. காவலர் உடனிருந்தோ அவர் கேட்டோ நடைபெறும் சோதனைக்கு எந்த அளவுகோல் பொருந்தும் என்பதைத் தீர்ப்பு வெளிப்படையாகவே திறந்துவிட்டது. அவ்விடைவெளியில் கீழமை நீதிமன்றங்கள் பல, பள்ளிக்கென அமர்த்தப்பட்ட காவலருக்கும் ஆசிரியரின் தாழ்ந்த அளவுகோலையே வழங்கின. இதன் விளைவு நுட்பமாக நோக்கத்தக்கது. சோதனை ஆசிரியருக்குரிய எளிமையுடன் நடைபெறுகிறது. கிடைத்த பொருளோ குற்றவியல் வழக்கில் சான்றாகிறது. தெருவில் நிற்கும் சிறுவனுக்குள்ள பாதுகாப்பு வகுப்பறையில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்கு இல்லை.

இரண்டாவது, ஜே.டி.பி. எதிர் வட கரோலைனா வழக்கு (2011). ஏழாம் வகுப்பில் பயின்ற 13 வயது மாணவனைச் சீருடைக் காவலர் வகுப்பிலிருந்து அழைத்துச் சென்றார். மூடிய அறையில் புலனாய்வாளரும் பள்ளி நிருவாகிகளும் சூழ்ந்திருக்கத் திருட்டுகள் குறித்து அவன் வினவப்பட்டான். பேசாதிருக்கும் உரிமை முதலில் அவனுக்குச் சொல்லப்படவில்லை; பெற்றோருக்கும் தகவல் இல்லை. ஒருவர் காவலில் உள்ளாரா என்பதை முடிவுசெய்யும்போது சிறாரின் வயதையும் கருத வேண்டும் என 5-4 என்னும் பெரும்பான்மையில் நீதிமன்றம் தீர்த்தது. ஆசிரியர் அழைத்தால் எழுந்து செல்லவேண்டும் என்று பழக்கப்பட்ட குழந்தைக்கு, 'நீ விரும்பினால் போகலாம்' என்பது பொருளற்ற சொல் என்பதை இத்தீர்ப்பு ஓரளவேனும் ஏற்றது எனலாம்.

பெயர் மாறும் தவறுகள்

தென் கரோலைனாவின் 'பள்ளிக்கு இடையூறு விளைவித்தல்' சட்டம் 1919இல் பெண்கள் பயிலும் நிறுவனங்களில் வெளியார் தொல்லையைத் தடுக்கும் நோக்குடன் பிறந்தது. பின்னர் விரிவாக்கப்பட்டு, மாணவர் மீதே பாய்ந்தது. தண்டனை 1,000 டாலர் வரை அபராதம் அல்லது 90 நாள் சிறை. 2015 அக்டோபரில் அம்மாநிலப் பள்ளியொன்றின் கணித வகுப்பில், வெளியேற மறுத்த மாணவியைக் காவல் அலுவலர் இருக்கையோடு கவிழ்த்துத் தரையில் இழுத்தெறிந்த காட்சி நாடெங்கும் பரவியது. அம்மாணவியும், அச்செயலை எதிர்த்துக் குரலெழுப்பிய மற்றொரு மாணவியும் இதே சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டனர். அலுவலர் பணிநீக்கம் பெற்றார்; மாணவியர் மீதான வழக்குகள் பின்னர்க் கைவிடப்பட்டன. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, பயிலும் மாணவர் அதன் வரம்பிலிருந்து விலக்கப்பட்டனர். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், எது இடையூறு என்று வரையறுக்காத அச்சட்டத்தை மாணவர்மீது செலுத்தியது அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

இங்கு அலுவலர் ஒருவரின் சினத்தை மட்டும் குறைகூறுவது போதாது. வகுப்பை விட்டு வெளியேற மறுத்தல் பள்ளிக்குரிய ஒழுங்குச் சிக்கல். அதனைத் தீர்க்கக் காவலர் அழைக்கப்பட்ட கணத்திலேயே அது வேறொன்றாகிவிட்டது. காவலரிடம் உள்ள கருவிகள் கட்டளை, வலிமை, கைது ஆகியன; அழைத்தவருக்குக் கிடைப்பனவும் அவையே.

ஆய்வுகள் காட்டுவன

ஒரு தரப்பின் வாதத்துக்கு ஆதரவான முடிவும் உண்டு. தேசிய அளவிலான தரவுகளைக் கொண்டு லூசி சோரன்சனும் பிறரும் மேற்கொண்ட ஆய்வு, காவலர் இருக்கும் பள்ளிகளில் கைகலப்பு போன்ற வன்முறை குறைவதைக் காட்டியது. அடிவாங்கும் மாணவனுக்கு இது அற்பமான பயனன்று. காவலரை எதிர்ப்போர் இதனைப் பொருட்படுத்தாது கடந்து செல்வது நேர்மையன்று. ஆனால் துப்பாக்கி தொடர்பான நிகழ்வுகளை அவர்கள் தடுப்பதாக அவ்வாய்வு காணவில்லை. இடைநீக்கம், வெளியேற்றம், கைது ஆகியன உயர்ந்தன. கறுப்பின மாணவரிடையே அவ்வுயர்வு மிகுதி. டெக்சாஸில் கூட்டாட்சி நிதியால் காவலர் பெற்ற மாவட்டங்களை ஆராய்ந்த எமிலி வைஸ்பர்ஸ்ட் (2019), நடுநிலை வகுப்புகளில் ஒழுங்கு நடவடிக்கை 6 விழுக்காடு உயர்ந்ததையும், உயர்நிலைப் பள்ளி நிறைவு 2.5 விழுக்காடும் கல்லூரிச் சேர்க்கை 4 விழுக்காடும் குறைந்ததையும் கண்டார்.

1980 முதல் 2019 வரையிலான 133 பள்ளித் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்த 2021ஆம் ஆண்டுக் கட்டுரை, ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் இறப்பு வீதம் 2.83 மடங்கு மிகுந்திருந்ததாகக் கூறுகிறது. இவ்வெண் மேடைதோறும் எடுத்தாளப்படுகிறது. எனினும் இஃது ஓர் உடனிகழ்வே, காரண நிறுவல் அன்று. இடருக்கு ஆட்படக்கூடிய பெரிய பள்ளிகளே காவலரை மிகுதியாகப் பெற்றிருக்கலாம். டெக்சாஸின் யூவால்டி நிகழ்வு (2022 மே 24) தரும் சான்று இதனினும் கடுமையானது. தனக்கெனக் காவல்துறையே கொண்டிருந்த அக்கல்வி மாவட்டத்தில், பல துறைகளைச் சேர்ந்த 376 காவலர் திரண்டனர். ஆயினும் கொலையாளி இருந்த வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடங்கள் ஆயின. 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் மாண்டனர்.

சுமை யார்மீது விழுகிறது என்பதைக் கூட்டாட்சிக் கல்வித் துறையின் 2015-16 தரவு காட்டுகிறது. மாணவர் தொகையில் 15 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர், காவல்துறைக்கு அனுப்பப்பட்டோரிலும் கைதானோரிலும் 31 விழுக்காடு. உடல், உளக் குறைபாடுடைய மாணவர் 12 விழுக்காடு. கைது முதலியவற்றில் 28 விழுக்காடு.

நீக்கமும் மீட்பும்

2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபின் மினியாபொலிஸ், டென்வர், ஓக்லாந்து முதலிய நகரங்களின் கல்விக் குழுக்கள் காவலரை நீக்கத் தீர்மானித்தன. டென்வரில் அம்முடிவு நீடிக்கவில்லை. அங்கு நாள்தோறும் உடற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டு வந்த மாணவன் ஒருவன், 2023 மார்ச்சில் அச்சோதனையின்போதே இரு பள்ளி நிருவாகிகளைச் சுட்டுக் காயப்படுத்தினான். அவ்வாண்டு ஜூனில் காவலரை மீண்டும் அமர்த்தக் குழு வாக்களித்தது. ஆயுதம் வைத்திருக்கக்கூடும் என்று கருதப்பட்டவனைச் சோதிக்கும் பணி பள்ளி நிருவாகிகளிடம் விடப்பட்டிருந்தது. காவலரை நீக்கியவர்கள் அவர் செய்த பணி யாரைச் சேரும் என்பதை எண்ணவில்லை என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

ஜார்ஜியாவின் கிளேட்டன் மாவட்டம் வேறு வழியைத் தேர்ந்தது. 1990களில் அங்குப் பள்ளிகளில் காவலர் அமர்த்தப்பட்டபின், ஆண்டுக்கு ஐம்பதைத் தொடாதிருந்த பள்ளிசார் சிறார் வழக்குகள் 2004க்குள் ஆயிரத்தைக் கடந்தன. அவற்றில் பெரும்பாலானவை சிறு தவறுகள். அவ்வழக்குகளால் திணறிய சிறார் நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன் டெஸ்கே, பள்ளி, காவல்துறை, சமூக நலத்துறை ஆகியவற்றை அமர்த்தி 2004இல் எழுத்து உடன்படிக்கை ஒன்றை உருவாக்கினார். கைகலப்பு, இடையூறு போன்றவற்றுக்கு முதன்முறை எச்சரிக்கை, மறுமுறை பயிற்சி வகுப்பு, அதன்பின்னரே நீதிமன்றம் என்பது அதன் படிநிலை. வழக்குகள் பெரிதும் குறைந்தன. பள்ளிக்கு ஆயுதம் கொண்டுவருதலும் குறைந்ததென அவர் 2012 டிசம்பரில் அமெரிக்க மேலவைத் துணைக்குழு முன் சான்றுரைத்தார். காவலர் அங்கு நீக்கப்படவில்லை. அவர் கைக்கு வரும் தவறுகளின் பட்டியலே சுருக்கப்பட்டது. நிலையான பணியமர்த்தலுக்கு ஆதரவான சான்று வலுவற்றதாக இருக்கையில், அமர்த்த விழையும் மாவட்டத்திடம் குறைந்தபட்சமாக இத்தகைய உடன்படிக்கையையேனும் கோருவது பொருத்தமாகும்.

அத்தகைய வரம்பைக் காவல்துறைகள் எளிதில் ஏற்பதில்லை. மினசோட்டா மாநிலம் 2023இல், மாணவரை முகங்குப்புறக் கிடத்தி அழுத்துதலைப் பள்ளிப் பணியாளருக்கும் பள்ளிக் காவலருக்கும் ஒருசேரத் தடைசெய்தது. பல காவல்துறைகள் தம் அலுவலரைப் பள்ளிகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டன. 2024 மார்ச்சில் சட்டம் திருத்தப்பட்டது. காவலர் அத்தடையிலிருந்து விலக்குப் பெற்றனர். அவர்களுக்குப் பயிற்சியும் மாதிரிக் கொள்கையும் கட்டாயமாக்கப்பட்டன. பள்ளி விதிகளை நிறைவேற்றத் தம் அதிகாரத்தையோ வலிமையையோ பயன்படுத்தலாகாது என்றும் விதிக்கப்பட்டது. ஆசிரியருக்கான தடை அவ்வாறே தொடர்கிறது.