அமில மண்ணில் உருளைக்கிழங்கு

நீலகிரி மலைச்சரிவுகளில் உருளைக்கிழங்கு பயிரிடும் உழவர்களுக்குச் சில வேளைகளில் ஒரு புதிர் எழுவதுண்டு. நிலத்தில் போதிய உரம் இட்டிருப்பார்கள். மழையும் நன்றாகப் பெய்திருக்கும். ஆயினும், செடிகள் குட்டையாகவே நிற்கும். இலைகள் கரும்பச்சையாகி, சிலவற்றில் ஊதா நிறம் படரும். தோண்டிப் பார்த்தால் கிழங்குகள் குறைவாகவே இருக்கும். அப்படியானால், இட்ட உரம் எங்கே போயிற்று?

விடை மண்ணில்தான் இருக்கிறது. 1820களில், கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் உருளைக்கிழங்கு இம்மலைக்கு வந்தது. குளிர்ந்த தட்பவெப்பம் அதற்கு ஏற்றதாக அமைந்தது. எனினும், மலைமண் அமிலத்தன்மை மிகுந்தது. நெடுங்காலமாகப் பெய்த மழை, கால்சியம், மக்னீசியம் போன்ற சத்துகளைக் கரைத்து வெளியேற்றிவிட்டது. இரும்பும் அலுமினியமும் மண்ணில் மிஞ்சின.

மண்ணின் அமிலத்தன்மை ‘பிஎச்’ என்னும் அளவீட்டால் குறிக்கப்படுகிறது. இதில் 7 என்பது நடுநிலை. அதிலிருந்து ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. உருளைக்கிழங்கு 5 முதல் 6 வரையுள்ள மண்ணில் நன்கு வளரும். மண்ணின் அளவு 5க்குக் கீழே இறங்கும்போது இரண்டு தீமைகள் நேர்கின்றன. முதலாவதாக, கரைந்த அலுமினியம் வேர்நுனிகளைத் தாக்கி, வேரின் வளர்ச்சியைத் தடுக்கிறது. இரண்டாவதாக, இரும்பும் அலுமினியமும் உரத்திலுள்ள பாஸ்பரஸைப் பற்றிக்கொள்கின்றன. சத்து மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைப்பதில்லை.

மணிச்சத்து எனவும் அழைக்கப்படும் பாஸ்பரஸ், பயிரின் ஆற்றல் பரிமாற்றத்திற்கும் வேர் வளர்ச்சிக்கும் இன்றியமையாதது. தொடக்கத்தில் அது குறைந்தால் கிழங்குகளின் எண்ணிக்கையும் குறையும். உருளைக்கிழங்கின் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. பாஸ்பரஸும் மண்ணில் எளிதில் நகர்வதில்லை. ஆகவே, வேர் எட்டும் இடத்தில் சத்து இல்லாவிட்டால் பயிர் பசித்தே கிடக்கும்.

இந்நிலையை மாற்ற உதவுவது சுண்ணாம்பு. பொடியாக்கிய சுண்ணாம்புக்கல்லையோ டோலமைட்டையோ மண்ணில் கலக்கும்போது அமிலத்தன்மை தணிகிறது; அலுமினியத்தின் நச்சுத்தன்மையும் அடங்குகிறது. வேர்கள் பரவுகின்றன. இடப்படும் பாஸ்பரஸில் கூடுதலான பங்கு பயிருக்குக் கிடைக்கிறது. டோலமைட் இட்டால் கால்சியத்துடன் மக்னீசியமும் சேர்கிறது.

அப்படியென்றால், சுண்ணாம்பை அள்ளி இடலாமா? கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அன்றோ! அமிலத்தன்மை பெரிதும் குறைந்த மண்ணில் சொறிநோயை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகக்கூடும். கிழங்கின் தோல் சொரசொரப்பாகிப் புண்பட்டதுபோல் தோன்றும்; சந்தையில் விலை வீழ்ந்துவிடும். மேலும், துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை பயிருக்குக் கிடைப்பது குறையும். பிஎச் அளவு 7ஐத் தாண்டினால் கால்சியமே பாஸ்பரஸைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

எனவே, முதலில் செய்ய வேண்டியது மண் பரிசோதனையாகும். இரண்டு வயல்களின் பிஎச் அளவு ஒன்றாக இருந்தாலும், களியும் மட்கும் மிகுந்த வயலுக்குக் கூடுதல் சுண்ணாம்பு தேவைப்படும். அதை நடவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே மண்ணில் நன்கு கலக்க வேண்டும். சூப்பர் பாஸ்பேட் உரத்தைச் சுண்ணாம்புடன் கலந்து இடக்கூடாது. கலந்தால் பாஸ்பரஸ் கரையாத நிலைக்கு மாறிவிடும். நடவின்போது விதைக்கிழங்குக்குப் பக்கத்தில், அதைத் தொடாதவாறு, வரிசையாக உரமிடுவது நல்லது. அவ்வாறு செய்தால் குறைந்த பரப்பில் உரம் செறிந்திருக்கும். மண் பற்றிக்கொள்ளும் அளவும் குறையும்.

பாஸ்பரஸைத் தேவைக்கு மேல் இடுவதும் தவறு. சரிவான நிலத்தில் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லும்போது, மண்ணோடு ஒட்டிய பாஸ்பரஸும் ஓடைகளுக்கும் ஏரிகளுக்கும் சென்று சேர்கிறது. அங்குப் பாசி பெருகி, நீரில் உயிர்வளி குறைந்து, மீன்கள் மடியக்கூடும். இவ்வுரத்திற்கு மூலப்பொருளான பாஸ்பேட் பாறையும் வெட்ட வெட்டக் குறையும் வளமே.

மழை மிகுந்த மலேசியாவிலும் பெரும்பாலான மண் அமிலத்தன்மை கொண்டதே. பயிர் வேறாயினும் பாடம் ஒன்றுதான். வாடிய பயிரைக் கண்டதும் மற்றொரு மூட்டை உரம் வாங்குவதற்கு முன், மண்ணைச் சோதித்து அறிய வேண்டும். அவ்வாறு அறிந்து செய்யும் வேளாண்மை, உழவரின் பணத்தையும் நீர்நிலைகளையும் ஒருசேரக் காக்கும்.